கைபேசி வழியே ஒரு பாடம்: ஏ.ஆர். திட்டப்பணிக்குச் சில யோசனைகள்

சந்தாபுரா, பொம்மசந்திரா, ஆனேக்கல் பகுதிகளிலுள்ள வாடிக்கையாளர்கள் பிள்ளைகளின் கல்விக் கடன் குறித்துப் பேச வரும்போது, திட்டப்பணிச் செலவைப் பற்றியும் எங்களிடம் வினவுகின்றனர். மிகை மெய்ம்மை எனப்படும் ஏ.ஆர். தொழில்நுட்பத்தில் கல்வி சார்ந்த திட்டப்பணி செய்ய விரும்பும் மாணவர்களின் பெற்றோர், ஆயத்தமாகச் செய்து தருவோரிடம் பெருந்தொகை கொடுக்கலாமா எனக் கேட்பதும் உண்டு. வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. விலைக்கு வாங்கிய திட்டப்பணியோடு வாய்மொழித் தேர்வுக்குச் செல்லும் மாணவர் முதல் கேள்விக்கே தடுமாறுவார். தேவையான மென்பொருள்களில் பல இலவசமாகவே கிடைக்கின்றன. நல்ல யோசனைக்குத்தான் பஞ்சம்.

கைபேசிக் கேமரா காட்டும் உண்மைக் காட்சியின்மீது, கணினி உருவாக்கிய படமோ எழுத்தோ உரிய இடத்தில் பொருந்தி நிற்பதே மிகை மெய்ம்மை. 1990-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய டாம் காடெல், டேவிட் மைசெல் ஆகியோர் இப்பெயரை வழங்கினர். விமானத்துக்கான மின்கம்பிகளைப் பலகைமீது அடுக்கும் தொழிலாளிக்கு, எந்தக் கம்பி எங்கே செல்ல வேண்டும் என்பதை அவர் கண்முன்னேயே காட்டுவது அவர்களது நோக்கம். தேவை முன்னே வந்தது, கருவி பின்னே வந்தது. மேசைமீது சிங்கத்தை உலவவிடும் திட்டப்பணிகளில் இந்த வரிசை தலைகீழாகி விடுகிறது. சிங்கத்தைக் காணொளியிலேயே நன்றாகப் பார்க்கலாமே! எனவே யோசனைகளை எழுதிவைத்த பின், ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இந்தப் பொருளின் முன் நிற்கும் மாணவர், வெறுங்கண்ணால் எதைக் காண இயலாமல் தவிக்கிறார்?

சந்தாபுரா ஏரியையே எடுத்துக்கொள்வோம். இதனைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசு ரூ.500 கோடி செலுத்த வேண்டும் என 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கழிவுநீர் எவ்வழியே வந்து சேர்கிறது, நீரில் உயிர்வளி குறைந்தால் மீனுக்கு என்ன நேர்கிறது என்பவற்றைக் கரையில் நிற்பவருக்குக் காட்டினால், அது சிறந்த சுற்றுச்சூழல் பாடம். ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. அசையாத புள்ளிகளைப் பற்றிக்கொண்டே மென்பொருள் படத்தை நிலைநிறுத்துகிறது. அலையும் நீர்ப்பரப்பில் அத்தகைய புள்ளிகள் கிட்டுவதில்லை. கரையில் தெளிவான படமுள்ள பலகையொன்றை நட்டு, அதனை அடையாளமாகக் கொள்வது நலம்.

கல்வெட்டுகள் அசைவதில்லை. பெங்களூரு வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் பதிவுசெய்யும் பணியை, 1909-இல் தோன்றிய மிதிக் சொசைட்டி மேற்கொண்டு வருகிறது. தோம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தேய்ந்த எழுத்தின்மீது இன்றைய எழுத்து ஒளிர்ந்தால், பிள்ளைகள் தாமே எழுத்துக்கூட்டிப் படிப்பர்.

எங்களுக்கு மிக நெருக்கமான யோசனை ரூபாய்த்தாள்தான். 50 ரூபாய்த்தாளின் பின்புறத்திலுள்ள ஹம்பிக் கல்தேர் எழுந்து நிற்பது கண்ணுக்கு இனிது. எனினும் 500 ரூபாய்த்தாளில் பாடம் அதிகம். தாளைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். ஓரங்களில் ஐந்து கோடுகள் தடவினால் தெரியும்படி மேலெழுந்திருக்கும். எங்கே பார்க்க வேண்டும், எப்படிச் சாய்க்க வேண்டும் என்று ஏ.ஆர். சுட்டிக்காட்டலாம், பார்ப்பதும் தடவுவதும் மாணவரின் வேலை. பார்வைக் குறைபாடு உடையோருக்காக ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட ‘மணி’ செயலி, கேமராவின் முன் காட்டும் தாளின் மதிப்பை ஒலியாகக் கூறுகிறது. அச்செயலியே தாள் நல்லதா கள்ளதா என்று சான்றளிப்பதில்லை. ஆகவே, ‘கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கும்’ என்று மாணவர் தம் படைப்புக்கு விளம்பரம் செய்யலாகாது; அதை நம்பி ஒரு காய்கறிக் கடைக்காரர் 500 ரூபாயை இழக்கக்கூடும். இன்னொன்று: சோதனைக்காக ரூபாய்த்தாளை நகலெடுத்து அச்சிட வேண்டாம். ரூபாய்த்தாளை ஒத்த ஆவணங்களை உருவாக்குவது சட்டப்படி குற்றம். உண்மையான தாளையே பயன்படுத்துங்கள்.

செலவுக்கு வருவோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை நிறைவுசெய்யத் தேவையான திட்டப்பணிச் செலவும் கணினி விலையும் சேர்கின்றன. ரூ.4 இலட்சம் வரையிலான கடனுக்கு மாணவர் தம் பங்காக எதுவும் செலுத்த வேண்டியதில்லை. திட்டப்பணியின் தேவையைக் குறிப்பிடும் கல்லூரிக் கடிதத்தையும் விலைப்பட்டியலையும் விண்ணப்பத்துடன் இணைத்துக் கிளையில் அளிக்கவும். விலையுயர்ந்த கண்ணாடிக் கருவிகளை அப்பட்டியலில் சேர்க்குமுன் ஒருமுறை யோசியுங்கள். மேற்கூறிய மூன்றுக்குமே வீட்டிலிருக்கும் கைபேசி பெரும்பாலும் போதும்.