எடிட்டர் கேட்கும் கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கில் 1985இல் நடக்கிற ஒரு நாவலை ஒருவர் எழுதி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு விவசாயி தேனி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கிறார்; பெரியாறு அணையில் 142 அடி தண்ணீர் நிற்பதாக டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டுமே பிழை. மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமானது 1997இல். 1979க்குப் பிறகு அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்க உச்ச நீதிமன்றம் கடைசியாக வழிவிட்டது 2014இல். ஊரைப் பற்றித் தெரியாமல் வந்த பிழைகள் அல்ல இவை. ஊர் மிக நெருக்கமாகத் தெரிந்ததால், இன்றைய ஊர் எழுதுபவரின் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இதற்கு நேர்மாறானதும் நடக்கும். பன்னீர் திராட்சை எல்லா மாதமும் அறுவடையாகிறது என்று எழுதினால் வெளியூர் வாசகர் நம்பத் தயங்குவார். கம்பத்தில் அதுதான் உண்மை. எடிட்டர் இந்த இரண்டு வகை இடங்களிலும் நின்று கேள்வி கேட்கிறார். ஓரிடத்தில் வரி மாறும். இன்னோரிடத்தில் நம்ப வைக்க ஒரு வரி கூடும்.

ஆனால் தகவல் சரிபார்ப்பு இந்தத் தொழிலின் சிறிய பகுதிதான். நல்ல எடிட்டர் முதல் வாசிப்பில் எழுத்துப்பிழையைத் தொடவே மாட்டார். முழுப் பிரதியையும் படித்துவிட்டு ஆசிரியருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதுவார்: இது யாருடைய கதை, உண்மையில் எந்த அத்தியாயத்தில் தொடங்குகிறது, எந்த இடத்தில் கவனம் கலைகிறது, எந்தப் பாத்திரம் காரணமில்லாமல் மறைந்துபோகிறது என்று. அதைப் படித்து ஆசிரியர் திருத்தி எழுதிய பிறகே வரிகளுக்கு வருவார், பிழைதிருத்தம் கடைசியில். தமிழில் பெரும்பாலும் அந்தக் கடைசி வேலை மட்டுமே நடக்கிறது. சந்திப்பிழை இல்லாத, ஆனால் நூறு பக்கம் கூடுதலான நாவல்கள் நமக்குக் கிடைப்பது இதனால்தான் என்பது என் கணிப்பு.

ஒரு கடிதமும் சில உரையாடல்களும் என்ன செய்துவிட முடியும்? ஹார்ப்பர் லீ 1957இல் அமெரிக்காவின் லிப்பின்காட் நிறுவனத்திடம் கொடுத்த பிரதி, வளர்ந்த பெண்ணொருத்தி சொந்த ஊருக்குத் திரும்பி வருவதைப் பற்றியது. அதில் உயிரோடு இருப்பவை அவளது சிறுவயது நினைவுகள்தான் என்று கண்டுகொண்டார் எடிட்டர் டே ஹோஹாஃப். சிறுமியின் பார்வையில் மாற்றி எழுதச் சொன்னார். அப்படி உருவான ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ 1960இல் வந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. பழைய பிரதியும் 2015இல் அச்சானது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு எடிட்டிங் பற்றி வேறு பாடம் தேவையில்லை.

வட்டார மொழியில் எழுதுபவர்களுக்கு ஓர் அச்சம் உண்டு: சென்னையில் உட்கார்ந்திருக்கும் எடிட்டர் தங்கள் பேச்சைச் செந்தமிழாக்கிவிடுவார் என்று. நியாயமான அச்சம், அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சென்னையில் 1974இல் தொடங்கப்பட்ட க்ரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ். ராமகிருஷ்ணன் நடத்திய இந்தப் பதிப்பகம் கைப்பிரதியை வரிவரியாகப் பார்ப்பதற்குப் பெயர்பெற்றது. 1992இல் தற்காலத் தமிழுக்கு அகராதி வெளியிட்ட அதே பதிப்பகம்தான், இரண்டு ஆண்டுகள் கழித்து இமையத்தின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ நூலை அதன் வட்டாரப் பேச்சோடு வெளியிட்டது. கம்பத்துக்கு இது இன்னும் பொருந்தும். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம், விடியலில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண், குமுளியில் கடை வைத்திருப்பவர் ஆகிய மூவரும் ஒரே தமிழைப் பேச மாட்டார்கள். பிரதியில் ஒரே மாதிரிப் பேசினால், அதைச் சுட்டிக்காட்டும் எடிட்டர் வட்டார வழக்கைக் காப்பாற்றுகிறார்.

எடிட்டர் எல்லை மீறுவதும் உண்டு. அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பில் எடிட்டர் கார்டன் லிஷ் பாதிக்கு மேல் வெட்டினார். அச்சேற்ற வேண்டாம் என்று கார்வர் கெஞ்சி எழுதியும் அது வெளிவந்தது. அதற்காக எடிட்டரே வேண்டாம் என்ற முடிவுக்கு வரத் தேவையில்லை. எடிட்டர் கேட்க வேண்டும், முடிவு ஆசிரியரிடம் இருக்க வேண்டும், இது வேலை தொடங்கும் முன்பே பேசப்பட வேண்டும்.

மிச்சமிருப்பது பணம். சில நூறு பிரதிகள் அச்சிடும் பதிப்பகத்தால் எடிட்டருக்குக் கூலி கொடுக்க முடியாது என்பது உண்மையான தடை. எழுதுபவரே கொடுக்கலாம் என்றால், அதற்கான கைக்காசும் எல்லோரிடமும் இல்லை. அப்படிப்பட்டவர் முழு வேலைக்குப் பதிலாக, படித்துக் கடிதம் எழுத மட்டும் ஓர் எடிட்டரைக் கேட்கலாம்; அதுவும் முடியாவிட்டால் முதல் சில அத்தியாயங்களுக்காவது கேட்கலாம். பள்ளத்தாக்கை அறிந்த ஒருவரும் அறியாத ஒருவரும் படித்துக் குறிப்பெழுதினால் பாதிக் கேள்விகள் அங்கேயே வந்துவிடும். நாவலை முடித்துவிட்ட நண்பர்களே, அச்சகத்துக்கு அனுப்பும் முன் அந்தக் கேள்விகளுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.