பேசிக்கொண்டே ஓடுங்கள்



ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் நடக்கவும் ஓடவும் கிளம்புவோரை நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இப்போது நிறையவே காண்கிறோம். தமிழக அரசும் 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அமைத்தது. ஆனால், ஆர்வமாக ஓடத் தொடங்கியவர்களில் சிலர் இரண்டே மாதங்களில் முழங்கால் வலி, களைப்பு என்று நிறுத்திவிடுகிறார்கள். பல நேரங்களில் காரணம் ஒன்றுதான்: தினமும் மூச்சிரைக்க ஓடுவது.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மெதுவோட்டம். சில சொற்களிலேயே மூச்சு வாங்கினால் நடுவேகம். பேசவே முடியாவிட்டால் கடும் வேகம்.

மெதுவோட்டத்தைத் தொடர்ந்து செய்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. மறுநாளும் ஓடத் தெம்பு இருக்கும். எப்போதும் நடுவேகத்திலேயே ஓடினால் களைப்பு தீராமல் சேர்கிறது. வேகமாக ஓட வேண்டிய நாளில் கால் எழும்புவதில்லை.

ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பொழுதுபோக்காக ஓடும் 30 பேர் 10 வாரங்கள் பயிற்சி செய்தார்கள். மொத்தப் பளு இரு குழுவுக்கும் ஒன்றே. பயிற்சி நேரத்தில் சுமார் முக்கால் பங்கை மெதுவாக ஓடிய குழுவின் 10 கிலோமீட்டர் நேரம் 5 சதவீதம் குறைந்தது. நடுவேகத்தில் அதிகம் ஓடிய குழுவுக்கு 3.6 சதவீதம். இவ்வித்தியாசம் சிறிதுதான். ஆனால் திட்டத்தை ஒட்டி நடந்தவர்களை மட்டும் பார்த்தால் 7 சதவீதமும் 1.6 சதவீதமும் ஆகும்.

எனவே வாரம் நான்கு நாள் ஓடுவோர் மூன்று நாட்கள் பேசிக்கொண்டே ஓடட்டும். ஒரு நாள் மட்டும், உடல் சூடேறிய பின், இரண்டு நிமிட வேகமும் இரண்டு நிமிட நடையுமாக ஐந்து முறை போதும். புதிதாகத் தொடங்குவோருக்கு முதல் சில வாரங்கள் வேக நாளே வேண்டாம். நம் ஊர்க் கோடையில் அதே வேகத்திலும் இதயம் கூடுதலாகத் துடிக்கும்; அப்போது கடிகாரத்தை விட்டு மூச்சைக் கவனியுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவரோடு பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக, ஆமீன்.