மெல்ல மெல்ல மாறும் இசை: ஸ்டீவ் ரைஷின் வாழ்நாள் தொகுப்பு

ஓர் இசையமைப்பாளர் தம் வாழ்நாளில் இயற்றியவற்றின் ஒலிப்பதிவுகளைத் திரட்டி, குறுந்தகடுகளாக ஒரே பெட்டியில் அடுக்கி, விளக்கக் கட்டுரைகள் அடங்கிய சிறு நூலையும் சேர்த்து வெளியிடும் வழக்கம் மேலைச் செவ்வியல் இசையுலகில் நன்கு வேரூன்றியதாகும். பாக், மொசார்ட் போன்று மறைந்து நூற்றாண்டுகள் கடந்தவர்களுக்கே பெரும்பாலும் அமையும் இச்சிறப்பு, அமெரிக்க இசையமைப்பாளரான ஸ்டீவ் ரைஷுக்கு அவர் வாழும் காலத்திலேயே இருமுறை வாய்த்தது. அவர் 60 வயதை நிறைவு செய்ததையொட்டி 1997இல் நான்சச் நிறுவனம் 10 குறுந்தகடுகள் கொண்ட பெட்டியை வெளியிட்டது. அதே நிறுவனம் 2025இல் கொண்டுவந்த பெட்டியிலோ 27 குறுந்தகடுகள் உள்ளன.

1936ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த ரைஷ், கார்னெல் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றபின் இசைக் கல்விக்குத் திரும்பி, ஜூலியார்டு இசைப்பள்ளியிலும், பின்னர் கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோவிடமும் பயின்றார். அக்காலக் கல்விக்கூடங்களில், சீரான தாளமும் நிலையான ஆதார சுருதியும் பழமையின் எச்சங்களாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டிருந்தன. அவ்விரண்டையும் மீட்டெடுத்து, மிகச் சில ஒலிக்கூறுகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, அவற்றில் சிறுகச் சிறுக மாற்றம் நிகழ்த்தும் ‘மினிமலிசம்’ என்னும் இசைநெறியை உருவாக்கியவர்களுள் ரைஷ் முதன்மையானவர்.

அந்நெறிக்குள் அவரைக் கொண்டு சேர்த்தது ஒரு தற்செயல் நிகழ்வு. சான்பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் நோவா காலத்துப் பெருவெள்ளத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்த ஒரு போதகரின் குரலை 1964இல் ஒலிநாடாவில் பதிவுசெய்த அவர், அதில் ஒரு சிறு தொடரை வெட்டி ஒட்டி, இரண்டு கருவிகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். கருவிகளின் வேகம் மயிரிழையளவு வேறுபட்டமையால், ஒன்றாகத் தொடங்கிய இரு குரல்களும் மெதுவாக விலகி, முதலில் எதிரொலியாகவும் பின்னர் புதிய தாளக்கட்டாகவும் உருமாறின. ‘கட்ட விலகல்’ எனக் குறிக்கத்தக்க இந்த உத்தியே 1965இல் ‘இட்ஸ் கான்னா ரெயின்’ என்னும் படைப்பாயிற்று. இயந்திரத்தின் பிசகிலிருந்து பிறந்த இதனை மனிதக் கைகளும் நிகழ்த்தக்கூடும் என்பதை, இரு பியானோக்களுக்காக 1967இல் இயற்றிய ‘பியானோ ஃபேஸ்’ வழியாக அவர் மெய்ப்பித்தார்.

ரைஷ் 1970இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்குச் சென்று எவே இன மக்களின் முழவிசையைக் கற்றார். பல தாளக்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இயங்கும் அவ்விசை, தாம் சென்றுகொண்டிருந்த வழி சரியானதே என்னும் உறுதியை அவருக்கு அளித்தது. 1972இல் இயற்றிய ‘கிளாப்பிங் மியூசிக்’ என்னும் படைப்புக்கு இருவரின் கைகளைத் தவிர வேறு கருவியே வேண்டியதில்லை. 12 எண்ணிக்கை கொண்ட ஒரு தாளக்கட்டை ஒருவர் மாறாமல் தட்டிக்கொண்டிருக்க, மற்றவர் சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஓர் எண்ணிக்கை தள்ளித் தள்ளி அதையே தட்டிச்சென்று, பன்னிரண்டாம் நகர்வில் முதலாமவரோடு மீண்டும் ஒன்றிவிடுகிறார்.

இத்தேடல்கள் யாவும் கனிந்த படைப்பு, 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்ட ‘மியூசிக் ஃபார் எயிட்டீன் மியூசிஷியன்ஸ்’. 18 இசைக்கலைஞர்களுக்காக இயற்றப்பட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் அதில், 11 சுரக்கூட்டுகள் தொடக்கத்தில் வரிசையாக அறிமுகமாகி, பின்னர் ஒவ்வொன்றும் ஒரு பகுதியாக விரிவு பெறுகின்றன. பியானோக்களும் மரிம்பா என்னும் மரக் கருவிகளும் இடையறாது துடித்துக்கொண்டிருக்க, கிளாரினெட் கலைஞர்களும் பாடகியரும் தம் மூச்சு நீடிக்கும் வரையே ஒரு சுரத்தை நீட்டுகின்றனர். இசை நடத்துநர் எவரும் இன்றி, வைப்ரஃபோன் என்னும் உலோகக் கருவி எழுப்பும் குறிப்பொலியைக் கேட்டுக் கலைஞர்கள் அடுத்த பகுதிக்குச் செல்கின்றனர். இப்படைப்புக்கு முழுமையான இசைப்பிரதி நெடுங்காலம் இருக்கவில்லை. கலைஞர்கள் தத்தம் பகுதிக்குரிய குறிப்புகளையும் நினைவையும் கொண்டே வாசித்து வந்தனர். மேலைச் செவ்வியல் மரபில் எழுதப்பட்ட பிரதியே மூலம் என்றால், ரைஷைப் பொறுத்தவரை ஒலிப்பதிவும் மூல ஆவணமே ஆகிறது. அவருடைய தொகுப்புப் பெட்டி வெறும் நினைவுப்பொருளாக நின்றுவிடாமைக்கு இதுவே காரணம்.

பேச்சுக்குரலில் தொடங்கிய பயணம் 1988இல் மீண்டும் பேச்சுக்குரலையே வந்தடைந்தது. பிரிந்து வாழ்ந்த பெற்றோரைக் காண நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே சிறுவனாக இருந்தபோது தாம் ரயிலில் சென்றுவந்த அதே ஆண்டுகளில், ஐரோப்பாவில் பிறந்திருந்தால், யூதர் என்பதால் மரண முகாம்களுக்குச் சென்ற ரயில்களில் ஏற்றப்பட்டிருக்கக்கூடும் என்ற எண்ணமே ‘டிஃபரண்ட் ட்ரெய்ன்ஸ்’ ஆயிற்று. தம்மை வளர்த்த செவிலி, ஓய்வுபெற்ற ரயில் பணியாளர், இனப்படுகொலையில் உயிர்தப்பியோர் ஆகியோரின் பேச்சைப் பதிவுசெய்து, அப்பேச்சின் ஏற்ற இறக்கங்களையே சுரங்களாக்கி, இரு வயலின், வயோலா, செல்லோ ஆகியவை சேர்ந்த நரம்பிசை நால்வர் குழுவுக்கு அவர் வழங்கினார். குரோனோஸ் குழு வாசித்த இப்படைப்பு கிராமி விருதைப் பெற்றது. பின்னாளில் ‘டபுள் செக்ஸ்டெட்’ 2009இல் அவருக்குப் புலிட்சர் பரிசைப் பெற்றுத் தந்தது.

மாற்றம் நிகழும் விதம் கேட்பவரின் செவிக்குப் புலப்பட வேண்டும் என்று 1968இலேயே கட்டுரை எழுதியவர் ரைஷ். ஒரே படைப்புக்குள் அவர் வேண்டிய அந்தத் தெளிவு, அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அவரது உழைப்பு முழுவதற்கும் பொருந்துவதைத் தனித்தனிக் குறுந்தகடுகள் உணர்த்துவதில்லை; வரிசையாகக் கேட்கும்போதே ஒலிநாடாவின் விலகல் கைத்தட்டலாகவும், கைத்தட்டல் பதினெண்மரின் மூச்சாகவும், மூச்சு மனித சாட்சியமாகவும் வளர்ந்த வழி புலனாகிறது. எனவே, இவ்விசைக்குப் புதியவர்கள் 27 குறுந்தகடுகளின் அளவைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. இங்கே குறிப்பிட்ட படைப்புகளைக் கால வரிசையில், வேறு வேலையில் கவனம் செலுத்தாமல், ஒருமுறை முழுமையாகக் கேட்பதே போதிய தொடக்கமாகும்.