ஜாவாவுக்கு எந்த எடிட்டர்?

நான்காம் படிவக் கணினி அறிவியலில் ஜாவா தொடங்கியதும் மாணவர்கள் கேட்பது, "டீச்சர், எந்த எடிட்டர் போடணும்?" என்பதுதான்.

எடிட்டர் வேறு, கம்பைலர் வேறு. நிரலைத் தட்டச்சு செய்யும் இடம் எடிட்டர். அதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது ஜேடிகேயோடு வரும் கம்பைலர். எடிட்டரை மட்டும் நிறுவிவிட்டு, "ஓடமாட்டேங்குது" என்று நிற்பவர்கள் முதலில் ஜேடிகே இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

எடிட்டர் நிறம் காட்டுவது எதற்கு? அழகுக்கு அல்ல. மேற்கோள்குறியை மூட மறந்தால், அந்த வரியின் மிச்சம் முழுவதும், அரைப்புள்ளி உட்பட, ஒரே நிறமாகிவிடும். குறிப்புரையை மூடாவிட்டால் கீழே உள்ளதெல்லாம் குறிப்புரையின் நிறத்துக்கு மாறிவிடும். 'ரிட்டர்ன்' என்ற சொல்லில் ஓர் எழுத்து இடம் மாறினாலும் அது நிறம் மாறாமல் சாதாரணமாகவே நிற்கும். கம்பைலர் சொல்வதற்கு முன்பே கண் பிடித்துவிடும். ஆனால் அரைப்புள்ளியை விட்டாலோ, அறிவிக்காத மாறியைப் பயன்படுத்தினாலோ நிறம் ஒன்றும் சொல்லாது. அது கம்பைலரின் வேலை. இன்னொன்று: கோப்பின் பெயரைப் புள்ளி ஜாவா என்று முடித்துச் சேமித்தால் நிறம் தானாகவே வரும். ஆகவே முதலில் சேமியுங்கள், பிறகு எழுதுங்கள்.

பழைய கணினிக்கூடத்துக்கு என் தேர்வு ஜீனி. இலவசம், சிறியது, எஃப்8 அழுத்தினால் கம்பைல், எஃப்5 அழுத்தினால் ஓட்டம். நோட்பேட் பிளஸ் பிளஸும் இலேசானதுதான், ஆனால் கம்பைல் கட்டளையை நாமே அமைக்கணும். விஷுவல் ஸ்டுடியோ கோட் ஜாவா நீட்சிகளோடு பிழைக்கு அடிக்கோடு போடும், சொல்லையும் முடித்துக் கொடுக்கும். செயல்திட்டத்துக்கு அருமை! தேர்வுப் பயிற்சிக்கு வேண்டாம் என்பேன். எஸ்.பி.எம். விடைத்தாளில் பேனாவால் எழுதும்போது நிறமும் இல்லை, சொல்லை முடித்துக் கொடுக்க யாரும் இல்லை. எந்த எடிட்டரானாலும் அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டுப் பழகுங்கள்.

நிரலுக்குள் தமிழ் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். ஜேடிகே 18 முதல் கம்பைலர் அதையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. விண்டோஸில் பழைய பதிப்பு என்றால் கம்பைல் கட்டளையில் அதைக் குறிப்பிடணும். அதன் பிறகும் கறுப்புத் திரையில் தமிழுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், அது பெரும்பாலும் எழுத்துருச் சிக்கல்தான்.