இல்லப் பராமரிப்பின் தரம்

நோயுற்ற முதியவரைக் குடும்பத்தாரே உடனிருந்து பார்த்துக்கொள்வது தமிழகத்து வீடுகளின் நெடுநாள் வழக்கம். கஞ்சி காய்ச்ச ஒருவர், கால் பிடித்துவிட ஒருவர், இரவில் அருகில் படுக்க ஒருவர் எனப் பணிகள் இயல்பாகவே பங்கிடப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி பெண்களின் தோள்மீதே விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்றோ பிள்ளைகள் பலர் வேலையின் பொருட்டு வெளியூர்களில் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10.4 விழுக்காட்டினர், இந்தியா முழுமைக்கும் அது 8.6 விழுக்காடு. எனவே, ஊதியம் பெற்று வீட்டிற்கே வந்து பராமரிப்பது ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. அரசும் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்வழி, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றிற்கான மருந்துகளையும் இயன்முறை மருத்துவத்தையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறது.

மருத்துவமனையில் ஒரு நோயாளியைப் பல கண்கள் காண்கின்றன. வீட்டிலோ கதவு சாத்தப்பட்டபின் பராமரிப்பவரும் பராமரிக்கப்படுபவருமே எஞ்சுவர். பக்கவாதத்தால் பேச்சிழந்தவரோ நினைவாற்றல் குன்றியவரோ குறை சொல்ல இயலாது. அவ்வாறாயின், அங்கு நடப்பது நல்ல பராமரிப்புத்தானா என எவ்வாறு அறிவது?

மருத்துவப் பணியின் தரத்தை அளப்பது குறித்து 1966இல் அவெடிஸ் டோனபீடியன் என்னும் அறிஞர் எழுதிய கட்டுரை இதற்கு வழிகாட்டுகிறது. அமைப்பு, செயல்முறை, விளைவு என்னும் மூன்று நோக்கில் தரத்தைக் காணலாம் என்றார் அவர்.

அமைப்பு என்பது வருபவர் யார், அவருக்கு என்ன பயிற்சி, வீட்டில் என்ன வசதி என்பது. வெள்ளை உடை அணிந்தவர் அனைவரையும் 'நர்ஸ்' என்று அழைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்ற செவிலியர் வேறு. குளிப்பாட்டவும் உணவூட்டவும் பழகிய உதவியாளர் வேறு. பின்னவர் குறைந்தவர் அல்லர். ஆயினும், ஊசி போடுவதையும் சிறுநீர்க் குழாய் பொருத்துவதையும் அவரிடம் ஒப்படைப்பது ஆபத்தாகும். பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது அவமதிப்பு ஆகாது. குளியலறையில் கைப்பிடி உண்டா, தரை வழுக்குகிறதா என்பனவும் இதில் அடங்கும்.

செயல்முறையை அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும். எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, எவ்வளவு நீர் அருந்தினார், எப்போது திருப்பிப் படுக்க வைக்கப்பட்டார் என்பன அவ்வப்போது எழுதப்பட வேண்டும். ஏழு நாள் குறிப்பும் ஒரே அமர்வில் எழுதியதுபோல் தோன்றினால், அந்த ஏடு வேறொரு செய்தியைச் சொல்கிறது. மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்தும்போது தலைப்பக்கம் உயர்த்தப்பட்டுள்ளதா என்பதையும் நேரில் காண வேண்டும். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் புகுந்து உயிருக்கே தீங்காகலாம்.

விளைவைக் காட்டும் அடையாளங்களுள் படுக்கைப்புண் முதன்மையானது. அசையாமல் கிடப்பவரின் இடுப்பின் பின்புறம், குதிகால், தொடைஎலும்பின் மேற்பகுதி ஆகிய இடங்களில் எலும்பிற்கும் படுக்கைக்கும் இடையே தசை நசுங்குகிறது. இரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் அழிகிறது. இதனாலேயே பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நிலை மாற்றும் வழக்கம் உள்ளது. அழுத்தினாலும் மறையாத சிவப்பு முதல் எச்சரிக்கை என்று நூல்கள் கூறும். நம்மவரின் கருநிறத் தோலில் அச்சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, கடினம், வீக்கம் ஆகியவற்றைக் கையால் தொட்டே உணர வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது உதவி போலத் தோன்றினும், நலிந்த தோலை அது மேலும் சிதைக்கும். வாரம் ஒருமுறை வெளியூரிலிருந்து வரும் மகன், பழங்களை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பாமல், தந்தையின் முதுகைப் பார்த்துச் செல்வது நல்லது.

அளவிட முடியாத அடையாளங்களும் உண்டு. பணியாளர் அறைக்குள் நுழைந்ததும் முதியவரின் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா? உடை மாற்றும்போது கதவு சாத்தப்படுகிறதா? புரட்டும் முன் "தாத்தா, இந்தப் பக்கம் திரும்பலாமா?" என்று கேட்கப்படுகிறதா? காரணம் விளங்காத காயமோ திடீர் அச்சமோ தென்பட்டால் காலம் தாழ்த்தலாகாது. முதியோர் உதவி எண் 14567ஐ அழைக்கலாம்.

பராமரிப்பவரின் பாதுகாப்பும் இம்மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். இரவு பகலாக ஒருவரையே பணியில் வைத்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு அவர் எழவில்லை எனக் குறைகூறுவோர் உண்டு. உறக்கமின்றி உழைப்பவரிடம் மருந்தின் அளவு தவறும். எடை மிகுந்தவரைத் தனியே தூக்குபவரின் இடுப்பு ஒடியும். இருவரும் சேர்ந்தே கீழே விழுதலும் நேரும். ஆகவே பணிநேரம், வார விடுப்பு, விடுப்பு நாளில் மாற்றாக வருபவர் யார் என்பன பணி தொடங்கும் முன்பே எழுத்தில் இடம்பெற வேண்டும்.