பாவங்களைச் சொல்லும் சரமகவி

காலஞ்சென்றவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளை வாசித்தால், உலகத்தில் பொல்லாதவர்கள் இறப்பதே இல்லை போலும் என்று தோன்றும். மாண்டவர் யாராயிருந்தாலும் உத்தமர், பரோபகாரி, பேரன் பேத்திகளைக் கண்ட பாக்கியசாலி. பழைய நாளில் ஊருக்கு ஊர் போன சாவோலை இவ்வளவு பேசியதில்லை. இன்னார் இறந்தார் என்று சொன்னதோடு அதன் வேலை முடிந்தது. பிற்பாடு சரமகவி வந்தது. கருமாதிப் பத்திரிகை வந்தது. இப்போது தெருச் சுவர்களில் படத்துடன் கண்ணீர் அஞ்சலி ஒட்டுகிறார்கள். புகழ்ச்சி மட்டும் குறைந்தபாடில்லை.

நீலகிரிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் மரணக் குறிப்புகளைக் கல்லிலேயே பொறித்து வைத்தார்கள். உதகமண்டலத்தில் 1829-ல் அஸ்திவாரக்கல் நாட்டப்பெற்ற ஸெயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் இடுகாட்டில் அவற்றை இன்றும் பார்க்கலாம். அந்நகரை உண்டாக்கிய ஜான் ஸல்லிவன் துரையின் மனைவியும் மகளும் 1838-ல் இறந்து அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். துரையோ 1855-ல் இங்கிலாந்தில் கண்ணை மூடினார். அத்தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையிலிருந்து வந்தவை. அவற்றை மலைமேல் ஏற்றிய கைகளுக்கு எந்தக் கல்லில் பெயர் இருக்கிறது? காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களில்தான் எத்தனை பேருக்குக் கல் கிடைத்தது?

கல்லும் அச்சும் வேண்டாமலே இறந்தவரைப் பற்றிப் பேசியவர்களும் அதே மலையில் உண்டு. படகர் ஊர்களில் சாவு நேர்ந்தால், பிணத்தின் அருகே பெரியவர் ஒருவர் நின்று இறந்தவருடைய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஆம், புண்ணியங்களை அல்ல, பாவங்களை! எல்லையை நகர்த்தினது, வழியில் முள்ளைப் போட்டது, அயலான் எருமை நன்றாய்க் கறப்பதைக் கண்டு வயிறெரிந்தது, பாம்பையும் பல்லியையும் கொன்றது, பொய் சொன்னது என்று வரிசை நீளும். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தார் 'பாவம்' என்று எதிர்க்குரல் கொடுப்பார்கள். மொத்தம் 1,300 பாவங்கள் என்று கணக்குச் சொல்லுவதுண்டு. 1871-ல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைத் திரட்டி வெளியிட்ட கோவர் என்ற ஆங்கிலேயர் இதையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

இறந்தவர் இவ்வளவையும் செய்தாரா என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. ஊர்க் கௌடருக்கும் ஏழைக் குடியானவனுக்கும் ஜாபிதா ஒன்றுதான். முன்னோர் செய்ததும் அதிலேயே அடக்கம். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிணத்துக்குக் காது கேளாது; சுற்றி நிற்பவர்களுக்கு நன்றாய்க் கேட்கும். போன வாரம் எல்லைக்கல்லை நகர்த்தினவனும் அக்கூட்டத்தில் நின்று, மற்றவர்களோடு சேர்ந்து 'பாவம்' என்று சொல்லித்தானே தீரவேண்டும்? நம்முடைய பத்திரிகைக் குறிப்புகளை வாசித்து யாருக்காவது அப்படி நெஞ்சு குறுகுறுத்ததுண்டோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேரில் பார்த்தவர்கள் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். பாவங்களைச் சொல்லும்போது ஒரு கன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றி, அவிழ்த்து விரட்டிவிடுவார்கள். பிறகு அந்தக் கன்றை எவரும் எந்த வேலைக்கும் பிடித்துக் கட்டுவதில்லை.