பெரிய எண்ணெல்லாம் நல்ல படம் ஆகிவிடாது

திருமணக் காணொலி, கல்லூரி மாணவரின் குறும்படம், உள்ளூர்ச் செய்தியாளரின் களப்பதிவு என எதுவானாலும், இன்று படம்பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் இசை சேர்ப்பதும் ஒரே திறன்பேசிக்குள் முடிந்துவிடுகின்றன. இந்தப் பணியின் கடைசிப் படியில், படத்தொகுப்புச் செயலி நம்மிடம் சில கேள்விகளைக் கேட்கிறது: தெளிவுத்திறன் 1080-ஆ, 4கே-வா? நொடிக்கு 24, 30, 60 என எத்தனை சட்டகங்கள்? பிட்ரேட் எவ்வளவு? பெரும்பாலோர் எல்லாவற்றிலும் மிகப்பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்து, ‘எக்ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். பெரிய எண் என்றால் சிறந்த படம் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கையைச் சற்றே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கணக்கு சொல்வது என்ன?

1080 எனப்படும் முழு எச்டி படத்தின் ஒரு சட்டகத்தில் 1,920 × 1,080, அதாவது சுமார் 20.7 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 4கே சட்டகத்தில் 3,840 × 2,160, அதாவது சுமார் 82.9 லட்சம் புள்ளிகள். பெயரில் சிறு மாற்றம்தான். சுமையோ நான்கு மடங்கு. நொடிக்கு 30 சட்டகங்களுக்குப் பதில் 60 என்று தேர்ந்தெடுத்தால் அது மீண்டும் இரு மடங்காகிறது. ஆக, 1080-30 என்ற அமைப்பிலிருந்து 4கே-60 என்ற அமைப்புக்குத் தாவும்போது, கருவி கையாள வேண்டிய புள்ளிகள் எட்டு மடங்கு பெருகுகின்றன. ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகள்!

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்குத் தலா ஒரு பைட் ஒதுக்கி அப்படியே எழுதினால், ஒரு நொடிக் காணொலி சுமார் 1.5 ஜிபி இடத்தை விழுங்கும். 128 ஜிபி கொள்ளளவு கொண்ட ஒரு திறன்பேசி முழுவதும் காலியாக இருந்தாலும், ஒன்றரை நிமிடக் காட்சிக்குக்கூட இடம் போதாது. நடைமுறையில் ஒரு நிமிட 4கே-60 காணொலி 400 எம்பி அளவில் அடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 200 பங்கில் ஒரு பங்குதான் எஞ்சுகிறது. இந்தச் சுருக்கத்தைச் செய்பவை கோடெக் எனப்படும் குறியீட்டு முறைகள். 2003-ல் வெளியான எச்.264, 2013-ல் வந்த எச்.265 என்கிற எச்இவிசி, 2018-ல் வந்த ஏவி1 ஆகியவை இன்று பரவலாகப் புழங்குபவை.

இவற்றின் உத்தி எளிமையானது. அடுத்தடுத்த இரு சட்டகங்களில் பெரும்பகுதி மாறுவதில்லை. ஆகவே ஒரு சட்டகத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் எது மாறியது, எது எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை மட்டும் எழுதினால் போதும். சுவருக்கு முன் அமர்ந்து ஒருவர் பேசும் காட்சி எளிதில் சுருங்கிவிடும். கடலலை, கொட்டும் மழை, தேரை இழுக்கும் கூட்டம் போன்ற காட்சிகளில் எல்லாமே மாறிக்கொண்டிருப்பதால் அவை எளிதில் சுருங்குவதில்லை. இங்கேதான் பிட்ரேட் முக்கியத்துவம் பெறுகிறது. ஒரு நொடிக் காட்சியை எழுத எவ்வளவு தரவைச் செலவிடலாம் என்ற வரம்பே அது. 4கே என்று தேர்ந்தெடுத்துவிட்டு பிட்ரேட்டைக் குறைத்தால், புள்ளிகளின் எண்ணிக்கை இருக்கும். தேர்க் கூட்டத்தின் முகங்களோ கட்டம் கட்டமாகக் குழம்பியிருக்கும். போதிய பிட்ரேட் உள்ள 1080 காணொலி, தரவுப் பஞ்சத்தில் வாடும் 4கே காணொலியைவிடத் தெளிவாகத் தெரிவது இதனால்தான்.

கருவி ஏன் கொதிக்கிறது?

தொகுக்கும்போது திரையில் தடையின்றி ஓடிய காணொலி, எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் ஏன் திணறுகிறது என்று பலர் வியப்பதுண்டு. தொகுப்பின்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் குறைந்த தெளிவில் காட்டப்படும் முன்னோட்டம். உண்மையான வேலை கடைசியில்தான் நடக்கிறது. சுருக்கி வைத்த ஒவ்வொரு சட்டகத்தையும் விரித்து, நிறத்தைத் திருத்தி, எழுத்தையும் பிற அடுக்குகளையும் அதன்மேல் பொருத்தி, மறுபடியும் சுருக்கி எழுத வேண்டும். பத்து நிமிடக் காணொலி, நொடிக்கு 60 சட்டகங்கள் என்றால், 36,000 முறை இதைச் செய்தாக வேண்டும்.

மேசைக் கணினிக்குக் காற்றாடி உண்டு. திறன்பேசிகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. வெப்பம் ஓர் அளவைத் தாண்டியதும் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் பாதி வரை விரைந்த பணி பிற்பாதியில் ஊர்ந்து செல்கிறது. நடுவில் வேறு செயலிக்கு மாறினால், நினைவகம் போதாமல் இயங்குதளமே படத்தொகுப்புச் செயலியை நிறுத்திவிடக்கூடும். தற்காலிகக் கோப்புகளுக்கும் இடம் வேண்டும் என்பதால், இறுதிக் கோப்பின் அளவைப் போல இரண்டு மடங்காவது காலியிடம் வைத்துக்கொள்வதும், தடித்த உறையைக் கழற்றிவிடுவதும், பணி முடியும் வரை திரையை மாற்றாமல் இருப்பதும் பயன்தரும்.

இல்லாததை உருவாக்க முடியுமா?

எக்ஸ்போர்ட் என்பது அளந்து ஊற்றும் வேலை, ஊற்று அல்ல. 1080-ல் பதிவான காட்சியை 4கே-வாக வெளியிட்டால், ஒவ்வொரு புள்ளியும் நான்காகப் பரப்பப்படுகிறதே தவிர, கேமரா காணாத நுணுக்கம் எதுவும் புதிதாகப் பிறப்பதில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மெருகேற்றும் செயலிகளும், அங்கே இருந்திருக்கக்கூடியதை ஊகித்து வரைகின்றனவே அன்றி, இருந்ததை மீட்பதில்லை.

சட்டக வேகத்துக்கும் இது பொருந்தும். 30-ல் பதிவானதை 60-ஆக வெளியிட்டால், ஒவ்வொரு சட்டகமும் இருமுறை எழுதப்படும். கோப்பு பெருக்கும், அசைவு மென்மையாகாது. 25-ல் பதிவானதை 60-ஆக்கினால் நிலைமை இன்னும் மோசம். ஐந்து சட்டகங்களைப் பன்னிரண்டாகப் பங்கிட வேண்டியிருப்பதால், சில சட்டகங்கள் இருமுறையும் சில மும்முறையும் வரும். அசைவில் ஒரு தடுமாற்றம் தெரியும். இடைச் சட்டகங்களைக் கற்பித்து நிரப்பும் வசதியைப் பயன்படுத்தினால், பரதநாட்டியக் கலைஞரின் விரல்கள் முத்திரைக்கு நடுவே ஒன்றோடொன்று கரைந்துபோவதைக் காணலாம்.

மின்விளக்கு ஒளியின் சிமிட்டலும் இப்படித்தான். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது; அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் துலங்குகின்றன. நொடிக்கு 60 சட்டகங்கள் பிடிக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் நிறுத்தாவிட்டால், படத்தில் கருங்கீற்றுகள் ஓடலாம். படப்பிடிப்பில் நேர்ந்த இந்தக் குறையை எக்ஸ்போர்ட் அமைப்பு எதுவும் போக்காது.

எப்போது தேவை?

உயர்ந்த எண்களுக்கு உரிய இடம் உண்டு. விளையாட்டு, நடனம், பறவைகளின் பறத்தல் போன்ற விரைந்த அசைவுகளுக்கு 60 சட்டகங்கள் பொருந்தும். 60-ல் பிடித்ததை 30-ல் ஓட்டினால் தரம் குன்றாமல் பாதி வேகக் காட்சி கிடைக்கும். 4கே-யில் பிடித்த காட்சியின் கால் பகுதியை வெட்டி எடுத்தாலும் முழுமையான 1080 படம் கிடைக்கும். ஆனால், திரைப்படம் ஒலி பெற்ற காலந்தொட்டு நொடிக்கு 24 சட்டகங்களிலேயே கதை சொல்லிவருகிறது. 2012-ல் பீட்டர் ஜாக்சன் ‘தி ஹாபிட்’ படத்தை 48 சட்டகங்களில் வெளியிட்டபோது, அது தொலைக்காட்சி நிகழ்ச்சிபோலத் தோன்றுவதாகப் பலர் குறைகூறினர். கூடுதல் எண் எப்போதும் கூடுதல் அழகு அல்ல.

சென்று சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். யூடியூப் தனக்கு வரும் காணொலிகளைத் தன் முறையில் மறுபடியும் சுருக்குகிறது. அதனால் 4கே-60 காணொலிக்கு நொடிக்கு 53 முதல் 68 மெகாபிட் வரையிலான தாராளமான பிட்ரேட்டைப் பரிந்துரைக்கிறது. அங்கே தரத்தைக் கூட்டி அனுப்புவதில் பொருள் உண்டு. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் காணொலியோ வெகுவாகச் சுருக்கப்படுகிறது; 4கே-யின் உழைப்பெல்லாம் அங்கே வீண். தரம் குறையாமல் போய்ச்சேர வேண்டுமானால், ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும்.

மூலம் காப்போம்

எண்களின் மயக்கத்தில் நாம் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. எக்ஸ்போர்ட் செய்த கோப்பு எவ்வளவு உயர்தரமானதாக இருந்தாலும், அது மூலத்தின் நகல்கூட அல்ல. புதிதாக எழுதப்பட்ட வேறொரு கோப்பு. பதிவான நேரம், இடம் போன்ற உட்குறிப்புகள் அதில் அழிந்திருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக அளிப்பதற்கான நெறிகளை வகுக்கிறது. அதற்கான சான்றிதழில், கோப்பின் விரல்ரேகை போன்ற ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு முற்றிலும் மாறிவிடும். ஒரு விபத்தையோ வன்முறையையோ அத்துமீறலையோ படம்பிடித்த குடிமகன், அதை வெட்டி, எழுத்துப் பதித்து, 4கே-வாக வெளியிட்டுவிட்டு, இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்துவிட்டால், அவர் கையில் எஞ்சுவது கேள்விக்குள்ளாகும் ஒரு படம்தான். குடும்ப நினைவுகளுக்கும் இதே விதிதான்: ஒவ்வொரு மறுசுருக்கமும் சிறிதளவு தரத்தைத் தின்கிறது, அது திரும்பக் கிடைக்காது.

பல செயலிகள் 4கே எக்ஸ்போர்ட்டைக் கட்டணச் சந்தாவுக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. பணம் கேட்கும் அந்த இடத்தில், ‘உங்கள் மூலக் காட்சி 1080-தான், 4கே-வாக்கினாலும் தெளிவு கூடாது’ என்ற ஒரு வரியைக் காட்டுவது செயலி நிறுவனங்களின் கடமை. அந்த நாள் வரும்வரை நாமே கேட்டுக்கொள்வோம்: எதில் பிடித்தோம், எங்கே பார்க்கப்போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால், எக்ஸ்போர்ட் திரையில் எந்த எண்ணைத் தொட வேண்டும் என்பது தானே விளங்கும். எந்த எண்ணைத் தொட்டாலும், மூலக் கோப்பை மட்டும் அழிக்காதிருப்போம்.